ஞாயிற்றுக்கிழமைத் தலைச்சுற்றல்

நாற்பத்தைந்து மீட்டர் உயரத்தில், காற்றுக்கு லேசாக ஆடும் கண்ணாடிக் கூண்டுக்குள், கீழே தெருவில் போகும் பேருந்து தீப்பெட்டி அளவுக்குத் தெரியும் இடத்தில், ஒரு தடவைகூடச் சுற்றாத தலை, சொந்த வீட்டுச் சமையலறையில் அசையாத தரைமேல் நிற்கும்போது மட்டும் ஏன் சுற்ற வேண்டும்?

கிரேன் ஓட்டும் அந்தப் பெண் எட்டு மாதமாக இந்தக் கேள்வியோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள். அவளே ஒரு விடையும் வைத்திருந்தாள். உயரம் தனக்கு ஒத்துக்கொள்கிறது, தரைதான் ஒத்துக்கொள்ளவில்லை. கேட்க நன்றாக இருந்ததால் அந்த விடையை அவள் மேற்கொண்டு சோதிக்கவில்லை. நமக்குச் சாதகமான விடையை நாம் யாரும் அவ்வளவாகச் சோதிப்பதில்லை.

வேலையிடத்தில் அவளை ‘உச்சாணி’ என்பார்கள். அவளுக்கு முன்னால் அந்த நிறுவனத்தின் கிரேன் கூண்டில் பெண் யாரும் உட்கார்ந்ததில்லை என்பதால் கேலியாக வைத்த பெயர். பத்தொன்பது வருடத்தில் கேலி தேய்ந்துபோய்ப் பெயர் மட்டும் நின்றுவிட்டது. இப்போது அவளுக்கு வயது ஐம்பத்து நான்கு.

காலை ஆறரை மணிக்கு ஏணியில் கால் வைப்பாள். கோபுரத்துக்குள்ளேயே செங்குத்தாகப் போகும் இரும்பு ஏணி. நடுவில் மூச்சு வாங்க நான்கு தட்டுகள். மேலே போய்ச் சேரக் கால் மணி நேரம் பிடிக்கும். ஏறிவிட்டால் மதியம் இரண்டு மணிவரை இறங்குவது கிடையாது. கம்பிக்கட்டு, பலகை, கான்கிரீட் தொட்டி என்று ஒன்று மாற்றி ஒன்று கொக்கியில் ஏறிக்கொண்டே இருக்கும். கிரேன் நின்றால் கீழே எழுபது பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள்.

கூண்டில் கழிப்பறை இல்லை. ஆண்கள் ஒரு காலி பாட்டிலை வைத்துச் சமாளித்துவிடுவார்கள். அவளால் அது முடியாது. அதனால் முதல் வருடத்திலேயே ஒரு வழி கண்டுபிடித்தாள். காலையில் எழுந்ததும் அரை டம்ளர் தண்ணீர். பிறகு இரண்டு மணிவரை ஒரு சொட்டு கிடையாது. கூண்டுக் கண்ணாடி வழியே வெயில் முதுகைச் சுட்டாலும் சரி, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டாலும் சரி. இதை அவள் கஷ்டமாக நினைக்கவில்லை. தொழிலின் ஒரு பகுதி என்றே நினைத்தாள்.

ஐம்பது தாண்டியதும் ரத்த அழுத்தம் வந்தது. அதற்கு ஒரு மாத்திரை. அடுத்த வருடமே சர்க்கரை வந்தது. அதற்கு ஒன்று. போன வருடக் கடைசியில், அழுத்தம் இறங்கவில்லை என்று சிறுநீரை அதிகம் போக வைக்கும் மாத்திரை ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. அதைப் போட்ட முதல் நாள் காலை எட்டு மணிக்குக் கூண்டுக்குள் அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு கான்கிரீட் தொட்டியை இறக்கிவிட்டு, ஏணியில் ஓடாத குறையாக இறங்கினாள். பத்தொன்பது வருடத்தில் வேலைநேரத்தின் நடுவே அவள் இறங்கியது அந்த ஒரு தடவைதான். கீழே யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று பிறகு நினைத்தாள்.

அன்றிலிருந்து வேலைநாட்களில் அந்த மாத்திரையைத் தொடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை, வீட்டில் கழிப்பறை கூப்பிடு தூரம். விட்டுப்போனதில் முடிந்தமட்டும் அன்றைக்குச் சேர்த்துப் போட்டுக்கொள்வாள். இதில் தப்பு ஏதும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. வாரம் முழுக்கச் சேர்ந்த துணியை ஞாயிற்றுக்கிழமை துவைப்பதுபோலத்தான் இதுவும்.

வீட்டில் அவளும் நாத்தனாரும் மட்டும். கணவர் இறந்து ஒன்பது வருடமாகிறது. கணவரின் தங்கை கல்யாணமே செய்துகொள்ளாமல், “அண்ணன் போயிட்டாரு, அண்ணியையாவது நான் பார்த்துக்கறேன்” என்று கூடவே தங்கிவிட்டாள். யார் யாரைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதில் இருவருக்கும் இன்றுவரை தகராறு. நாத்தனார் வீட்டு முன்னறையில் ஜன்னல் திரைச்சீலை தைக்கிறாள். எந்நேரமும் உதட்டில் ஊசி. பேச்சும் அதே ரகம். அதனால் உச்சாணி அவளுக்கு வைத்த பெயர் ‘குண்டூசி’.

முதல் தடவை தலை சுற்றியபோது உச்சாணி அடுப்பங்கரை மேடையைப் பிடித்துக்கொண்டாள். கண் இருட்டி, காதில் இரைச்சல் கேட்டு, முப்பது வினாடியில் சரியாகிவிட்டது.

“என்ன அண்ணி, ஏன் இப்படி வெளுத்துப்போய் நிக்கிறீங்க?”

“ஒண்ணுமில்ல. தூக்கம் பத்தல.”

“பத்து மணிநேரம் தூங்கினீங்க. குறட்டைச் சத்தத்துல என் மெஷின் சத்தமே எனக்குக் கேக்கல.”

“சரி, அப்போ தூக்கம் ஜாஸ்தியாயிடுச்சு. விடு.”

குண்டூசி விடவில்லை. வாயால் கேட்டால் பதில் வராது என்று தெரிந்ததும், சுவர்க் காலண்டரில் குறிக்க ஆரம்பித்தாள். திரைச்சீலை கொடுக்க வேண்டிய நாளுக்கு நீல வட்டம் போடுவது அவள் பழக்கம். அண்ணி மேடையையோ கதவையோ பிடித்துக்கொண்டு நிற்கும் நாளுக்குச் சிவப்பு வட்டம்.

உச்சாணிக்குப் பயம் இல்லாமல் இல்லை. அவளுடைய அப்பா ஒரு நாள் காலையில் தலை சுற்றுகிறது என்றார். வெயில் பட்டிருக்கும் என்று படுக்க வைத்தார்கள். மாலை ஆவதற்குள் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. வலது கை விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு நான்கு வருடம் இருந்தார். ஒரு வார்த்தை முழுசாகப் பேசவில்லை. அதனால் தலை சுற்றி நின்றதும் அவள் குளியலறைக் கண்ணாடிமுன் போய் நிற்பாள். இரண்டு கையையும் தூக்கிப் பார்ப்பாள். சிரித்துப் பார்ப்பாள். தன் விலாசத்தைச் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பாள். எல்லாம் ஒழுங்காக இருக்கும். அப்பாடா என்று வெளியே வருவாள்.

அதற்குமேல் அவள் போகாததற்குக் காரணம் ஒரு தாள். கிரேன் ஓட்டுகிறவர்களுக்கு வருடா வருடம் உடல்தகுதிச் சான்று வேண்டும். அதில் நான்காவது கேள்வி: தலைச்சுற்றல் உண்டா? ‘உண்டு’ என்று எழுதினால் கூண்டுச் சாவியை அங்கேயே வாங்கிக்கொள்வார்கள். இந்த வருடமும் அவள் ‘இல்லை’ என்றுதான் எழுதினாள். மேலே சுற்றுவதில்லையே, பிறகு எப்படிப் பொய்யாகும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, தைத்து முடித்த கனமான திரைச்சீலை ஒன்றை மடிக்கக் குண்டூசி உதவிக்குக் கூப்பிட்டாள். தரையில் உட்கார்ந்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருந்த உச்சாணி சட்டென்று எழுந்தாள். எழுந்தது மட்டும்தான் அவளுக்கு ஞாபகம். அடுத்து கண்ணைத் திறந்தபோது வெட்டும் மேஜையின் காலருகே கிடந்தாள். நெற்றி ஓரத்தில் இஸ்திரிப்பெட்டியின் விளிம்பு பட்டு வீங்கியிருந்தது. நல்லவேளை, பெட்டி சூடாக இல்லை.

“எழுந்திரிக்காதீங்க. அப்படியே கிடங்க. வண்டி கூப்பிட்டாச்சு.”

“ஆஸ்பத்திரி எல்லாம் வேண்டாம்டி. எழுதிடுவாங்க. என் கூண்டு போயிடும்.”

“கூண்டு போனா வேற கூண்டு வாங்கலாம். வேற அண்ணிக்கு நான் எங்க போறது?” என்றாள் குண்டூசி. உதட்டில் ஊசி இல்லாமல் அவள் பேசிய அபூர்வமான வாக்கியங்களில் அது ஒன்று.

அவசரப் பிரிவில் ஒரு வழுக்கைத்தலை மருத்துவர் இருந்தார். தூக்கம் கெட்ட கண்கள், அவசரமில்லாத குரல்.

“எப்படி இருந்துச்சு? அறையே சுத்துச்சா, இல்ல கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சா?”

“இருட்டுச்சு. எழுந்தா வரும். உட்கார்ந்தா போயிடும்.”

“பேச்சு குழறுச்சா?”

“குழறலை டாக்டர்,” என்றாள் குண்டூசி. “வண்டியில வர்ற வழி பூரா என்னைத் திட்டிக்கிட்டேதான் வந்தாங்க. ஒரு வார்த்தை பிசகல.”

“ஒரு பக்கம் கை கால் மரத்துப்போச்சா? ஒரு பொருள் ரெண்டாத் தெரிஞ்சுதா? நெஞ்சு வலி?”

“அதெல்லாம் இல்ல. கொஞ்சம் படபடப்பு இருந்துச்சு.”

“தலையில அடிபட்டிருக்கு. ரத்தம் உறையாம இருக்க ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?”

“இல்ல. பிரஷருக்கு, சர்க்கரைக்கு. அவ்வளவுதான்.”

“வீட்ல யாருக்காவது பக்கவாதம்?”

“அப்பாவுக்கு.”

மருத்துவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். “தலைச்சுத்தல் யாருக்கு வேணும்னாலும் வரும். இருபது வயசுப் பையனுக்கு வந்தா தண்ணி குடிச்சுட்டுப் படுடான்னு அனுப்பிடுவேன். உங்களுக்கு வயசு ஐம்பத்து நாலு, பிரஷர் இருக்கு, சர்க்கரை இருக்கு, அப்பாவுக்குப் பக்கவாதம், இப்ப மயங்கியே விழுந்திருக்கீங்க, தலையிலயும் அடி. இதுல ஒண்ணு இருந்தாலே சும்மா விட மாட்டோம். எத்தனை நாளா?”

உச்சாணி வாயைத் திறப்பதற்குள் குண்டூசி பையிலிருந்து சுருட்டிய காலண்டரை எடுத்து மேஜைமேல் விரித்தாள். சுவரிலிருந்து ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வந்திருந்தாள். மருத்துவர் ஒவ்வொரு மாதமாகப் புரட்டினார்.

“இந்தச் சிவப்பு எல்லாம் ஞாயித்துக்கிழமையாவே இருக்கே. அன்னைக்கு மட்டும் என்ன பண்றீங்க?”

அந்தக் காலண்டரை எட்டு மாதமாகத் தினமும் பார்த்தவள்தான் உச்சாணி. சிவப்பு என்றால் ஏதோ பாக்கியிருக்கும் தையல் என்று நினைத்திருந்தாள். இப்போது ஒரே வரிசையில் இறங்கும் வட்டங்களை விரலால் எண்ணிப் பார்த்தாள்.

“நீர் போற மாத்திரை ஒண்ணு இருக்கு. வேலை நாள்ல அதைப் போடறதில்ல.”

“போடாம?”

“ஞாயித்துக்கிழமை சேர்த்துப் போட்டுடுவேன்.”

“எத்தனை?”

“மூணு. சில சமயம் நாலு.”

மருத்துவர் பேனாவை மூடி வைத்தார். “ஆறு நாள் குளிக்காம, ஏழாம் நாள் ஆறு தடவை குளிச்சா சரியாயிடுமா?”

“அண்ணி!” என்றாள் குண்டூசி.

படுக்க வைத்து அழுத்தம் பார்த்தார்கள். நிற்க வைத்துப் பார்த்தார்கள். நின்றதும் அது சரிந்து விழுந்தது. இதயத்துக்கு ஒயர் வைத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். தலையைப் படம் பிடிக்க ஒரு வெள்ளை வளையத்துக்குள் அனுப்பினார்கள். பிறகு இரண்டு மணி நேரம் காத்திருக்கச் சொன்னார்கள்.

அந்த இரண்டு மணி நேரமும் அவள் கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். கூண்டு போய்விடுமே என்ற கவலை அரை மணி நேரத்தில் தானாகவே கரைந்துபோனது. அப்பாவின் வலது கை போர்வைமேல் கிடந்த விதம் மட்டும் கண்முன்னே நின்றது. குண்டூசி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, மருத்துவமனைத் திரைச்சீலையின் மடிப்பு கோணலாக இருக்கிறது, எவன் தைத்தான் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

மருத்துவர் தாள்களோடு வந்தார். “மூளையில ஒண்ணுமில்ல. ரத்தக்கசிவு இல்ல, அடைப்பு இல்ல. இதயமும் ஒழுங்கா ஓடுது.”

குண்டூசி எழுந்து நின்று, உட்கார்ந்து, மறுபடி எழுந்தாள். “எங்க டாக்டர் டீ கிடைக்கும்?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே போனாள். உச்சாணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிரிப்பு வந்தது, அதோடு கண்ணீரும்.

உடம்பில் தண்ணீர் வற்றிப்போயிருக்கிறது, சேர்த்துப் போட்ட மாத்திரை இருந்த உப்புச்சத்தையும் அரித்துவிட்டது, ஞாயிறன்று தாமதமாகச் சாப்பிட்டுவிட்டு சர்க்கரை மாத்திரையை மட்டும் நேரத்துக்குப் போட்டதில் சர்க்கரையும் தாழ்ந்திருக்கிறது என்று மருத்துவர் ஒவ்வொன்றாக விளக்கினார். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் உப்புக் குறைவு இதயத்துடிப்பைக் குலைத்திருக்கும். எல்லாம் சரிசெய்யக்கூடியவை. கையில் சொட்டு மருந்து ஏறிக்கொண்டிருந்தது.

“ஆனா எனக்குக் கவலை ஞாயித்துக்கிழமையைப் பத்தி இல்ல,” என்றார். “மாத்திரை போடாத ஆறு நாள்ல பிரஷர் எவ்வளவு இருக்கும்? யாராவது பார்த்தாங்களா?”

“சைட்டுல ஒரு தடவை பார்த்தாங்க. ஒரு புதன்கிழமை. நூத்தித் தொண்ணூறுக்கு மேல இருந்துச்சு. ஏணி இறங்கி வந்த சூடுன்னு சொல்லிட்டேன்.”

“அது ஏணி இல்லம்மா. அதுதான் உங்க நிஜப் பிரஷர். அன்னைக்குத் தலை சுத்துச்சா?”

“இல்ல. நல்லாத்தான் இருந்தேன்.”

“அதுதான் சொல்றேன். நல்லா இருக்கேன்னு நீங்க நினைச்சீங்களே, அந்த ஆறு நாள்தான் உங்க அப்பாவுக்கு வந்தது உங்களுக்கும் வந்திருக்கக்கூடிய நாள். வீட்ல விழுந்தா உங்க நெத்தி மட்டும் வீங்கும்.”

அவர் அத்தோடு நிறுத்திக்கொண்டார். அவள் கிரேன் ஓட்டுகிறவள் என்பதைக் குண்டூசி வந்ததுமே அவரிடம் சொல்லியிருந்தாள். மிச்சத்தைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உச்சாணியின் மனக்கண்ணில் கொக்கி தெரிந்தது. அதற்குக் கீழே நிற்கும் மஞ்சள் சட்டை தெரிந்தது.

மஞ்சள் சட்டைக்காரருக்கு ‘ரேடியோ’ என்று பெயர். தரையில் நின்று வாக்கி-டாக்கியில் அவளுக்கு வழி சொல்பவர். வயது நாற்பத்தெட்டு. பதினோரு வருடமாக அவருடைய குரல்தான் அவளுக்குக் கண். “இடப்பக்கம்க்கா, இன்னும் கொஞ்சம், மெதுவா, நிறுத்து” என்பதற்கு நடுவே தன் மாமியார் கதை, பல்வலி, பக்கத்து வீட்டு நாய் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிடுவார்.

இரண்டு நாள் கழித்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் உச்சாணி வேலையிடத்துக்குப் போனாள். நெற்றியில் பிளாஸ்திரி. ரேடியோ அடுக்கிய பலகைமேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“வாங்கக்கா. என்ன, குண்டூசி அடிச்சுட்டாங்களா?”

“தம்பி, ஒரு விஷயம் சொல்லணும். எட்டு மாசமா எனக்குத் தலை சுத்துது. யார்கிட்டயும் சொல்லல.”

ரேடியோ மெல்லுவதை நிறுத்தினார். “மேலயா, கீழயா?”

“கீழதான்.”

“அப்போ சரி.”

“சரியில்ல. மாத்திரையை ஒழுங்காப் போடல. மேல இருக்கும்போதெல்லாம் பிரஷர் எகிறிக் கிடந்திருக்கு. எனக்கே தெரியாம எது வேணும்னாலும் ஆகியிருக்கும். நீங்க கீழ நின்னீங்க.”

ரேடியோ கையிலிருந்த கவளத்தைத் திரும்பக் கிண்ணத்தில் வைத்தார். சும்மா தொங்கிக்கொண்டிருந்த கொக்கியை அண்ணாந்து பார்த்தார்.

“பதினோரு வருஷத்துல நான் அதை ஒரு தடவைகூடப் பயந்து நிமிர்ந்து பார்த்ததில்லக்கா. உங்க குரல் கேக்குதுல்ல, அது போதும்னு நின்னேன்.”

உச்சாணி அவர் பக்கத்தில் பலகைமேல் உட்கார்ந்தாள்.

“கோவமா தம்பி?”

“கோவம்தான். முதல்ல சாப்பிட்டுக்கறேன். வெறும் வயித்துல கோவப்பட்டா எனக்கும் தலை சுத்தும்,” என்றார். பிறகு தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து அவள் பக்கம் நீட்டினார். “குடிங்க. என் கண்ணு முன்னாடி. முழுசும்.”

அவள் குடித்தாள். அன்று மாலையே தளப் பொறியாளரிடம் போய், நான்காவது கேள்விக்கு எதிரே ‘இல்லை’ என்று எழுதியதை அடித்துவிட்டு ‘உண்டு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பொறியாளர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர், வேலைநேரத்தின் நடுவே ஒருமுறை அவள் இறங்கி வரக் கிரேனை நிறுத்துவதற்கு யாரும் இத்தனை வருடம் ஏற்பாடு செய்யவில்லையே என்று தன் மேலதிகாரிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார்.

ஆறு வாரம் வீட்டில் இருந்தாள். நீர் மாத்திரையை நிறுத்திவிட்டு வேறொன்று கொடுத்தார்கள். தினமும் ஒரே நேரத்தில் போட்டாள். படுக்கையிலிருந்து எழுந்தால் உட்கார்ந்து பத்து எண்ணிவிட்டுத்தான் நிற்க வேண்டும். அதைக் குண்டூசி பக்கத்து அறையிலிருந்தே சத்தமாக எண்ணுவாள். ஏழில் எழுந்தால் திட்டு விழும். காலண்டரில் நீல வட்டம் மட்டும் இருந்தது.

ஏழாவது வாரம் அந்த வழுக்கைத்தலை மருத்துவரிடமிருந்தே புதிய சான்று வந்தது. அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது, நிற்கும்போது சரியவில்லை, சர்க்கரை சீராக இருக்கிறது; மாதம் ஒருமுறை பரிசோதனைக்கு வந்தால் போதும், கிரேன் ஓட்டத் தடையில்லை. குண்டூசி அந்தத் தாளை மூன்று தடவை படித்துவிட்டு, “இவ்வளவு நல்லா எழுதுற டாக்டரை அன்னைக்கு மனசுக்குள்ள வழுக்கைன்னு சொல்லிட்டேனே” என்றாள்.

திங்கட்கிழமை காலை ஆறேகாலுக்கு உச்சாணி வேலையிடத்தில் நின்றாள். பொறியாளர் தாளைப் பார்த்துச் சிரித்துக் கூண்டுச் சாவியை எடுத்து நீட்டினார். பத்து மணிக்குக் கிரேனை நிறுத்த உத்தரவும் வந்துவிட்டது என்றார். ரேடியோ வாக்கி-டாக்கியைத் தட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். கட்டடத்தின் மறுபக்கம் இரண்டாவது கிரேன் ஒன்று அந்த வாரம்தான் எழுந்திருந்தது. அதற்கு ஓட்டுநர் வந்துவிட்டார். தரையில் நின்று வழி சொல்ல ஆள் கிடைக்கவில்லை.

உச்சாணி சாவியை வாங்கவில்லை. பொறியாளரின் நாற்காலி முதுகில் தொங்கிய மஞ்சள் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டாள். “அந்தப் பக்கம் நான் நிக்கிறேன். இதுல ஆறு வாரமா ஏறினவரே ஏறட்டும்,” என்றாள்.

பயந்துவிட்டாள் என்றார்கள் சிலர். பிராயச்சித்தம் என்றார்கள் வேறு சிலர். கொக்கிக்குக் கீழே அவள் பயந்து நின்றதையோ வருத்தப்பட்டு நின்றதையோ யாரும் பார்க்கவில்லை. ஆகவே இரண்டுமே சரியாகப் பொருந்தவில்லை. ரேடியோ கேட்டார். பொறியாளர் இரண்டு தடவை கேட்டார். குண்டூசி கேட்காத நாளில்லை. ஓய்வு பெறும்வரை நான்கு வருடம் அவள் கொக்கிக்குக் கீழேதான் நின்றாள். தினமும் காலையில் கொக்கி அசைவதற்கு முன்னால் வாக்கி-டாக்கியில் மேலே இருப்பவரிடம், “தண்ணி குடிச்சாச்சா, உடம்பு நல்லா இருக்கா?” என்று கேட்பாள். தான் ஏன் கீழே நிற்கிறாள் என்று மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.